எண்ணெயும் கொப்பளிக்கட்டும், காரையையும் எடுக்கட்டும்

வாசகி கேள்வி: என் அம்மாவுக்கு 57 வயது. 9 வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷருக்கும் மாத்திரை போடுகிறார். ஆறேழு மாதமாகக் காலையில் வாய் கொப்பளித்தால் ரத்தம் வருகிறது. கீழே முன்பல் இரண்டு லேசாக ஆடுகின்றன. பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே எடுத்து க்ளீனிங் செய்ய வேண்டும் என்றார். “க்ளீன் பண்ணினா இருக்கிற பல்லும் ஆடிரும். உங்க பெரியம்மாவுக்கு அப்படித்தானே ஆச்சு” என்று அம்மா அப்படியே திரும்பி வந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு ஒரு மாதமாகச் செக்கு நல்லெண்ணெய் கொப்பளிக்கிறார். பிரஷ், பேஸ்ட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உமிக்கரியும் கல் உப்பும் பொடித்து விரலால் தேய்க்கிறார். வாய் நாற்றம் குறைந்திருக்கிறது, ரத்தமும் முன்போல இல்லை. இதையே தொடர்ந்தால் போதுமா? சர்க்கரையும் இறங்கும் என்கிறார்களே?

பதில்: போதாது. ஆனால் எண்ணெயை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். நிறுத்த வேண்டியது உமிக்கரியைத்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உங்கள் அம்மா கவனித்த மாற்றம். நாற்றம் குறைந்ததும் ரத்தம் குறைந்ததும் மனப்பிரமை இல்லை. நல்லெண்ணெயை வாயில் வைத்துப் பத்து நிமிடம் அலசினால் பல்லின் மேல் படிந்திருக்கும் மெல்லிய அழுக்குப் படலம் ஓரளவு குறைகிறது. கிருமிகள் வாழ்வது அந்தப் படலத்தில்தான். 2009-ல் தமிழ்நாட்டுப் பல் மருத்துவர்கள் ஈறு வீக்கம் இருந்த 20 வளரிளம் பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்து, பத்து நாள் ஒரு குழுவுக்கு நல்லெண்ணெயும் இன்னொரு குழுவுக்குக் கிருமி கொல்லும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு குழுவிலும் படலமும் ஈறு வீக்கமும் குறைந்தன. எண்ணெய்க்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இந்த ஆய்வை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். எடுத்துக் காட்டட்டும். ஆனால் அதில் இருந்தவர்கள் 20 பேர்தான், அதுவும் சின்னப் பிள்ளைகள். பல் துலக்குவதற்கு முன்னால்தான் எண்ணெய் கொப்பளித்தார்கள், துலக்குவதற்குப் பதிலாக இல்லை. இப்படிச் சிறிய ஆய்வுகளாகவே இருப்பதால்தான் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் எண்ணெய் கொப்பளிப்பதை இன்றுவரை பரிந்துரைக்கவில்லை.

உங்கள் அம்மாவின் பிரச்சினை அந்தப் பையன்களின் பிரச்சினையும் இல்லை. அவர்களுக்கு ஈறின் மேல்பரப்பில் வீக்கம். பல் ஆடத் தொடங்கிவிட்டது என்றால் ஈறைத் தாண்டி உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்புவரை போயிருக்கலாம். நம் ஊரில் ‘பயோரியா’ என்று சொல்வார்களே, அது.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கைபேசி டார்ச்சை அடித்து, கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைப் பாருங்கள், நாக்கு தொடும் பக்கம். ஒரு எவர்சில்வர் ஸ்பூனின் முதுகைக் கண்ணாடி மாதிரி பிடித்தால் தெரியும். பல்லுக்குப் பல் இடைவெளி தெரியாமல் மஞ்சளும் பழுப்புமாக ஒரே திண்ணை போட்டதுபோல் ஓடியிருக்கும் பாருங்கள், அதுதான் காரை. சுவரில் பூசுகிற காரைக்கு வைத்த பெயரையே இதற்கும் வைத்தவர் யாரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார். பல்லில் படிந்த படலத்தை எடுக்காமல் விட்டால், எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி, சில நாளிலேயே இறுக ஆரம்பித்துவிடும். எச்சில் சுரப்பியின் வாய் கீழ் முன்பல்லுக்குப் பின்னால், நாக்குக்கு அடியில் திறக்கிறது. அதனால்தான் அந்த இடத்தில் எல்லாருக்கும் முதலில் கட்டுகிறது. மேலே கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கமும் அப்படித்தான், அங்கே இன்னொரு சுரப்பி.

இறுகிப்போன இந்தக் காரையை எந்த எண்ணெயாலும் கரைக்க முடியாது. செக்கு எண்ணெய், தேங்காயெண்ணெய், மருந்துக் கடையில் வாங்கும் முந்நூறு ரூபாய் மவுத்வாஷ், எதுவும் முடியாது. பிரஷாலும் முடியாது. அது பாறை மாதிரி. பாசியென்றால் கழுவலாம், பாறையைக் கழுவ முடியுமா? மேலே தெரிகிற காரையாவது கண்ணில் படும். ஈறுக்கு அடியில் பல்லின் வேரோடு ஒட்டியிருக்கும் காரைதான் எலும்பைக் கரைக்கிறது. நல்ல ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் சந்து இருக்கும். பயோரியாவில் அது 5, 6, 7 என்று பையாகிப் போகும். வாயில் அலசுகிற எந்தத் திரவமும் அந்தப் பையின் அடிவரை போய்ச் சேராது. எண்ணெயால் ஈறின் மேல்பரப்பில் வீக்கம் வற்றியிருக்கிறது, ரத்தம் குறைந்திருக்கிறது. கீழே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். இந்த நேரத்தில் ரத்தம் நின்றுபோவது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது. மூக்குப்பொடி, புகையிலை கலந்த பொடி வைத்துப் பல் தேய்க்கும் பெண்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். நிகோடின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், ரத்தமே வராது. “எனக்கு ஈறு நல்லாத்தான் இருக்கு டாக்டர், ரத்தம் ஒரு சொட்டு வராது” என்பார்கள். எக்ஸ்ரேயில் பாதி எலும்பு இருக்காது. பற்பொடியில் புகையிலை சேர்ப்பதை அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. பழக்கம்தான் போகவில்லை. அம்மாவின் உமிக்கரியில் அப்படி எதுவும் கலக்கவில்லையே என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பெரியம்மா கதைக்கு வருவோம். “க்ளீன் பண்ணினா பல் ஆடும்” என்பதை முப்பது வருடமாக வாரத்துக்கு நாலு பேரிடம் கேட்கிறேன். என் சொந்த அத்தையே சொன்னவர்தான். அதைப் பொய் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் அவர்கள் கண்ணால் பார்த்தது நிஜம். க்ளீனிங்குக்கு முன் ஆடாத பல், க்ளீனிங்குக்குப் பின் ஆடுகிறது. என்ன நடக்கிறதென்றால், எலும்பு ஏற்கெனவே கரைந்து, பல் ஆட வேண்டிய நிலைக்கு எப்போதோ வந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்துப் பற்களையெல்லாம் காரை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவைத்திருப்பதால் ஆட்டம் தெரியவில்லை. இடிந்த சுவரை ஆலமர வேர் பிடித்து நிறுத்தியிருக்கும் பாருங்கள், அப்படி. வேரை எடுத்தால் சுவர் அசைகிறது. ஆனால் சுவரைப் பிளந்ததே அந்த வேர்தான்.

காரையை எடுத்த பிறகு இன்னும் சில காரியங்கள் நடக்கும், முன்னாலேயே சொல்லிவைத்தால் அம்மா பதறமாட்டார். பற்களுக்கு நடுவே சந்து தெரியும். நாக்குக்கு அது பெரிய ஓட்டைபோல் தட்டுப்படும். ஒன்றிரண்டு வாரம் தண்ணீர் பட்டால் கூசும். வீங்கியிருந்த ஈறு வற்றி, பல் நீளமானதுபோல் தோன்றும். காரை உடைந்து தட்டில் ‘டக்’கென்று விழும் சத்தத்தைக் கேட்டதும் “ஐயோ, பல் உடைஞ்சிருச்சு” என்று நாற்காலியிலிருந்து எழுந்து நின்றவர்கள் உண்டு. அந்தத் துண்டைப் பஞ்சில் வைத்துக் கையில் கொடுத்துவிடுவேன். வெளிப்பக்கம் சொரசொரப்பாக, பாக்குச் சீவல் நிறத்தில் இருக்கும். உள்பக்கம் வழவழவென்று பல்லின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதையா இத்தனை வருஷம் வாய்ல வெச்சிருந்தேன்” என்று அத்தை கேட்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போய் மருமகளிடமும் காட்டினாராம்.

க்ளீனிங் கருவி பல்லைச் சுரண்டுவதில்லை. அதன் முனை விநாடிக்கு 25,000 முறைக்கு மேல் அதிர்கிறது. அந்த அதிர்வில் காரை விரிசல் விட்டு உதிர்கிறது. சூடாகாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான். ஆடுகிற பல்லென்றால் விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு செய்வோம். காரை எடுத்து, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்து, அம்மா வீட்டில் ஒழுங்காகத் துலக்கினால், நாலு முதல் ஆறு வாரத்தில் ஈறு இறுகும். லேசாக ஆடுகிற பல் பெரும்பாலும் கொஞ்சம் உறுதிப்படும். எலும்பு மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. அதனால்தான் டாக்டர் எக்ஸ்ரே கேட்டார். உங்கள் டாக்டர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. இதைக் கொஞ்சம் உட்கார்ந்து விளக்கியிருக்கலாம். கூட்டத்தில் எங்களுக்கு அது தவறிப்போகிறது.

“நம்ம பாரம்பரிய வைத்தியத்தை விட்டுட்டு மெஷின் எதுக்கு” என்று அம்மா கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. எண்ணெய் கொப்பளிப்பது ஆயுர்வேதத்தில் இரண்டு வகை. வாய் நிறைய எண்ணெயை அசைக்காமல் வைத்திருப்பது கண்டூஷம், வாயில் போட்டு அலசுவது கவளம். பல் கூசாது, வேர் உறுதியாகும், உதடு வெடிக்காது, கடினமானதையும் கடிக்கலாம் என்று நல்லெண்ணெயின் பலனைச் சரக சம்ஹிதை அடுக்குகிறது. அதே நூல், அதே அத்தியாயத்தில், அதற்குக் கொஞ்சம் முன்னால், நுனியை மென்று நைத்த குச்சியால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை பல் துலக்கு, ஈறைக் காயப்படுத்தாதே என்றும் சொல்கிறது. சுஸ்ருத சம்ஹிதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. பல்லில் அழுக்கு இறுகிச் சரளைக்கல் மாதிரி ஆவதற்கு ‘தந்தசர்க்கரா’ என்று பெயர் வைத்து, அதற்கு வைத்தியமாக, பல்லின் வேருக்குச் சேதம் வராமல் அதை எடுத்துவிட வேண்டும் என்கிறது. எண்ணெயால் கரைக்கச் சொல்லவில்லை. எடுக்கத்தான் சொல்கிறது, அதற்கென்று ஒரு கருவியும் வைத்திருந்தார்கள். ஆக, உங்கள் அம்மா கையில் எடுத்தது பாரம்பரியத்தில் ஒரு பாதியை மட்டும். க்ளீனிங்கும் அதே பாரம்பரியத்தில் இருப்பதுதான்.

எண்ணெய் கொப்பளிக்கும் பழைய முறை மறுபடி வீட்டுக்கு வீடு பரவியது 1990-களில். ஆந்திரப் பக்கம் சூரியகாந்தி எண்ணெயில் தொடங்கி, இங்கே வந்து நல்லெண்ணெய் ஆனது. அப்போதுதான் மூட்டுவலி, ஆஸ்துமா, சர்க்கரை எல்லாம் போகும் என்ற பட்டியலும் ஒட்டிக்கொண்டது. துப்பும்போது எண்ணெய் வெள்ளையாக மாறியிருப்பதைக் காட்டி, “உடம்பில் இருக்கிற விஷமெல்லாம் வெளியே வருது” என்பார்கள். வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு சின்ன பாட்டிலில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் மூன்று ஸ்பூன் ஆறிய வடிகஞ்சியும் ஊற்றிப் பத்து நிமிடம் விடாமல் குலுக்குங்கள். பால் மாதிரி வெளுக்கும். கஞ்சியில் என்ன விஷம் இருக்கிறது? எண்ணெய் துளித்துளியாக உடைந்து நீரோடு கலந்தால் வெள்ளையாகத்தான் தெரியும். வாயில் நடப்பதும் அதுவே, கஞ்சிக்குப் பதில் எச்சில்.

எண்ணெயால் சர்க்கரை இறங்காது. மாத்திரையைக் குறைக்கவே கூடாது, அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆனால் ஈறுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறில் ஆறாத புண் இருந்துகொண்டே இருந்தால் சர்க்கரையும் இறங்க மறுக்கும். ஈறுக்கு முறையாக வைத்தியம் செய்தவர்களுக்கு, எச்.பி.ஏ.1.சி. என்று எடுப்பார்களே, அந்த மூன்று மாதச் சராசரி சுமார் 0.4 அளவுக்குக் குறைவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவுகள் சொல்கின்றன. கேட்கச் சின்னதாக இருக்கும். 8.2-ல் இருக்கிறவர் 7.8-க்கு வருவது சின்ன விஷயம் இல்லை. எண்ணெயால் கிடைக்கும் என்று அம்மா நம்புகிற பலன் க்ளீனிங்கில் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், என் அனுபவத்தில் இந்த ஒரு வாதம் நிறையப் பேரை நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறது.

பிரஷர் மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள், பெயர் எழுதவில்லை. அம்லோடிபின் என்ற மருந்து சிலருக்கு ஈறைத் தடிக்கவைத்து, பல்லின் மேல் ஏறிவரச் செய்யும். அட்டையைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவாக இருந்தாலும் நீங்களே நிறுத்திவிடாதீர்கள், மாற்ற வேண்டுமென்றால் பிரஷர் பார்க்கும் டாக்டர் மாற்றித் தருவார். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது போட்டுக்கொண்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இப்போது உமிக்கரி. உமியில் சிலிக்கா அதிகம், மணலில் இருப்பதும் அதுதான். கல் உப்பும் சேர்ந்தால் அது பற்பொடி இல்லை, உப்புத்தாள். பல்லின் மேல்பகுதியில் எனாமல் என்ற கெட்டியான மேலுறை இருக்கிறது, கொஞ்ச காலம் தாங்கும். ஈறு இறங்கியவர்களுக்கு வேர்ப்பகுதி வெளியே வந்துவிட்டிருக்கும். அங்கே எனாமல் கிடையாது. தேய்க்கத் தேய்க்கப் பல்லின் கழுத்தில் கோடாரியால் கொத்தியதுபோல ஒரு பள்ளம் விழும். முதலில் கூசும், அப்புறம் சொத்தை, ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது பல் அந்த இடத்தில் ஒடியும். கருப்பான பொடியால் தேய்த்துக் கொப்பளித்ததும் பல் பளிச்சென்று தெரிவது உண்மை. பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தாலும் பளிச்சென்றுதான் இருக்கும், ஆனால் உலோகத்தில் மெல்லிய ஓர் அடுக்கு போய்விடுகிறது. பல்லில் போன அடுக்கு மறுபடி வராது. இன்னொன்று, விரல் பல்லின் முகத்தை மட்டும்தான் தேய்க்கும். இரண்டு பல்லுக்கு நடுவே, ஈறோரம், பின்பக்கம் எதற்கும் போகாது. நோய் இருப்பதெல்லாம் அங்கேதான்.

கிராமத்தில் வளர்ந்தவர் என்றால் குச்சியாவது பரவாயில்லை. “ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்பதில் வருகிற வேல், வேப்பமரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கருவேல மரம். எந்தக் குச்சியானாலும் நுனியை நன்றாக மென்று தூரிகைபோல் ஆக்கிக்கொண்டு, பல் ஒவ்வொன்றாக, பின்பக்கமும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். அதற்கு இப்போது யாருக்குப் பொறுமை இருக்கிறது? அம்மாவுக்கு நான் சொல்வது மென்மையான தூரிகை, ஃபுளோரைடு உள்ள சாதாரண பேஸ்ட், காலையும் இரவும் இரண்டு இரண்டு நிமிடம், ஈறும் பல்லும் சேருமிடத்தில் தூரிகையைச் சாய்த்துப் பிடித்து. பற்களுக்கு நடுவே நுழைக்கிற சின்ன பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கும். க்ளீனிங்குக்குப் பின் எந்த அளவு வாங்குவது என்று டாக்டரிடமே கேட்டு, அங்கேயே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணெய் கொப்பளிப்பதைப் பற்றிச் சில நடைமுறை விஷயங்கள். காலையில் வெறும் வயிற்றில், ஒரு மேசைக்கரண்டி அளவு, உட்கார்ந்தபடி. படுத்துக்கொண்டு வேண்டவே வேண்டாம். தொண்டையில் போட்டுக் கரகரவென்று அலசக் கூடாது. புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குள் போய், அதனால் நிமோனியா வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும், பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் இதைச் செய்யச் சொல்லாதீர்கள். அம்மா செய்வதைப் பார்த்துப் பேரன் கேட்பான், கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் போதும். நானும் ஒரு மாதம் செய்து பார்த்தேன், இருபது நிமிடம் என்று யாரோ சொன்னதை நம்பி. நாலாம் நாளே காதோரம் தாடை விண்விண்ணென்று வலித்தது. வாய் நிறைய எண்ணெயோடு இருக்கும்போதுதான் போன் அடிக்கும் என்பது தனிக்கதை. துப்புவதை வாஷ்பேசினில் துப்ப வேண்டாம், நாளடைவில் குழாய் அடைத்துக்கொள்ளும். வாழைமரத்தடி இருந்தால் அங்கே. அதன்பின் வெந்நீரில் கொப்பளித்து, பிரஷ் செய்ய வேண்டும். பிரஷ் செய்தால்தான் அன்றைய கணக்கு முடியும்.

செலவு யோசனையாக இருந்தால், தாலுகா அரசு மருத்துவமனைகள் பலவற்றில் பல் மருத்துவர் இருக்கிறார். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். மாணவர்கள் மேற்பார்வையில் செய்வதால் நேரம் பிடிக்கும், ஆனால் நிதானமாகச் செய்வார்கள். ஈறுக்கென்றே தனிப் பிரிவும் இருக்கும். பல் ஏற்கெனவே ஆடுவதால் அந்தப் பிரிவில் காட்டுவது நல்லது. பயமாக இருந்தால் முதல் நாள் கீழ்வரிசை மட்டும் செய்யச் சொல்லுங்கள், வேண்டாமென்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். இடையில் திடீரென்று ஈறு வீங்கிச் சீழ் வந்தாலோ, காய்ச்சலோடு முகம் வீங்கினாலோ, தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சட்டென்று பரவும்.

காலை நேரத்தில் போவது நல்லது. இட்லியோ எதுவோ வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையும் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு போய் சர்க்கரை இறங்கி, மயங்கி, பழி க்ளீனிங் மேல் விழ வேண்டாம். அன்றைக்கும் எண்ணெய் கொப்பளிக்க ஆசைப்பட்டால் கொப்பளிக்கட்டும். இட்லிக்கு முன்னால்.